பை, கிணறு, கான்: அட்புளூவும் எங்கட தடைக்கால அறிவும்

மாரி முடிந்த கையோட ஒருநாள், என்ர மாமாவின் லொறி ஊர்காவற்றுறையில் இருந்து யாழ்ப்பாணம் வரேக்க, வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்துக்கு வரமுதல் படுத்துவிட்டது. படுத்தது என்றால் நிற்கவில்லை, ஓடியது. ஆனால் சைக்கிளில் போனவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். மாமா எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் இழுக்கவில்லை. பின்னால் ஐஸ்பெட்டிக்குள் நண்டும் மீனும். இரவு கொழும்புக்குப் போகவேண்டிய சாமான். கடைசியில் இன்னொரு லொறியைக் கூப்பிட்டுச் சாமானை மாற்றி, மாமாவின் லொறியைக் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம்.

மெக்கானிக் அண்ணை புகைக்குழாய்ப் பக்கத்தில் எதையோ கழற்றிக் காட்டினார். கேத்திலின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைக் கட்டி.

"அண்ணை, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

"அட்புளூதான்."

"எங்க வாங்கினது?"

மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நானே கலக்கினது."

தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த அரைப்பை யூரியா, வீட்டுக் கிணற்றுத் தண்ணி, பழைய மண்ணெண்ணெய்க் கான். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மாமாவின் அட்புளூ. மிச்சம் பிடித்தது ஒன்றிரண்டு கான் காசு. செலவோ அந்த மாதத்து உழைப்பு முழுக்க.

அன்றைக்கு நான் மாமாவில் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. அவருடைய தலைமுறையை உயிரோட வைத்திருந்த அறிவைத்தான் பாவித்திருக்கிறார். இல்லாத சாமானுக்கு இருக்கிற சாமானை மாற்றிப் பாவி. 1990களில் யாழ்ப்பாணம் வாழ்ந்தது அப்படித்தான். அந்த அறிவு ஏன் இந்த லொறியிடம் தோற்றது என்று கேட்டுக்கொண்டு போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. பை, கிணறு, கான் என்று மூன்று பிழை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கட ஒரு வரலாறு கிடக்கு.

முதலில் அட்புளூ என்றால் என்ன?

டீசல் எஞ்சினுக்குள் இருக்கிற வெப்பத்தில், காற்றில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் ஒன்றுசேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. நெஞ்சைப் பிடிக்கிற புகை, அமில மழை, நகரங்களின் புகைமூட்டம் எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்குண்டு. புதிய டீசல் வாகனங்களில் புகைக்குழாய்க்குள் யூரியாக் கரைசலைத் தூவி விடுகிறார்கள். சூட்டில் யூரியா அமோனியாவாக மாறுகிறது. அந்த அமோனியா அங்கிருக்கிற ஊக்கியின் மேல் நைதரசன் ஒட்சைட்டுகளோடு தாக்கமுற்று, வெறும் நைதரசனும் நீராவியுமாக வெளியே போகிறது. நிறைப்படி 32.5 வீதம் யூரியா, மிச்சம் 67.5 வீதம் கனிமம் முழுக்க நீக்கிய தண்ணீர். இந்த விகிதத்தில் கலந்தால்தான் கரைசல் உறையும் வெப்பநிலை ஆகக் குறைவாக, ஏறத்தாழ -11 பாகை செல்சியசாக இருக்கும். ஐரோப்பியப் பனிக்காலத்துக்குப் போட்ட கணக்கு. எங்களுக்கு உறைபனி பிரச்சினை இல்லை, வெயில்தான் பிரச்சினை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அட்புளூ என்பது ஜேர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் பதிவுசெய்த வணிகப் பெயர். இந்தியாவில் இதை 'டெஃப்' என்கிறார்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபிறகு அங்கே பெரிய லொறிகளுக்கும் பஸ்களுக்கும் இது அன்றாடச் சாமான். எங்களிடம் யப்பானில் இருந்து வரும் பாவித்த லொறிகளோடுதான் பெரும்பாலும் வந்து சேர்ந்தது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறபட்டதால், நீல மூடி போட்ட இரண்டாவது தாங்கியுள்ள வாகனங்கள் தீவகத்துக்கும் இனிக் கூடவே வரும். மாமாவின் பிழையைச் செய்யப் போகிறவர்களும் கூடுவார்கள்.

பை

யூரியாவை 1773இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூவேல் சிறுநீரில் இருந்து பிரித்தெடுத்தார். 1828இல் ஜேர்மனியில் ஃபிரெடரிக் வோலர் அதை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார். உயிருள்ள உடம்புதான் இப்படியான பொருளை ஆக்கும் என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டங்கண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேபரும் பொஷும் காற்றின் நைதரசனை அமோனியாவாக்கும் வழியைத் தந்தார்கள். அந்த அமோனியாவில் இருந்து யூரியா தொழிற்சாலைகளில் தொன் கணக்கில் வரத் தொடங்கியது. காற்றில் இருந்து எடுத்த நைதரசன் பையில் அடைபட்டு எங்கட வெங்காயப் பாத்திக்கு வந்தது இப்படித்தான்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலைக்குப் போன காலம் யாழ்ப்பாண விவசாயிக்குப் பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். தண்ணி இறைக்கும் எஞ்சினும் பசளைப் பையும் இல்லாமல் அந்தப் பொற்காலம் இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில் சப்புகஸ்கந்தையில் அரசு கட்டிய யூரியாத் தொழிற்சாலை 1980களில் சிலகாலம் இயங்கி மூடப்பட்டது. அதன்பிறகு எங்கட யூரியா எல்லாம் கப்பலில் வருகிறதுதான்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று போன பட்டியலில் யூரியாவும் இருந்தது. வெடிபொருள் செய்ய உதவும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு பசளைப் பை ஒரே இரவில் சந்தேகத்துக்குரிய பொருளாகியது. தோட்டக்காரர்கள் திரும்பவும் மாட்டெருவுக்கும் குழை தாழ்ப்பதற்கும் போனார்கள். பூவரசங் குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்க்கிறது அவர்களுக்குப் புதிதில்லை, அவர்களின் தகப்பன்மார் செய்ததுதான். மாற்றுச் சாமான் வேலை செய்தது. விளைச்சல் குறைந்தாலும் பயிர் வந்தது.

முப்பது வருசம் கழித்து யூரியா இன்னொரு முறை இல்லாமற் போனது. இந்தமுறை முழு நாட்டுக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கினாலும் அதற்குள் நெல்லும் மரக்கறியும் அடிவாங்கிவிட்டன. அதே 2021இன் கடைசியில் இந்த நீலக் கானின் கதையும் உலகச் செய்தியானது. சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென்கொரியாவில் லொறிகளுக்கு யூரியாக் கரைசல் இல்லாமற்போய் வரிசை நின்றது. அவுஸ்திரேலியாவில் இருந்து 27,000 லீற்றரை இராணுவ விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே அவுஸ்திரேலியாவிலும் அட்புளூத் தட்டுப்பாடு. வயலுக்குப் போகும் யூரியாவும் லொறிக்குப் போகும் யூரியாவும் ஒரே கடையில் இருந்து வருவதாலேயே இந்த நிலை.

அப்படியென்றால் மாமா செய்தது சரிதானே? ஒரே யூரியா தானே?

இல்லை. பசளை யூரியா மண்ணுக்காகச் செய்தது. கட்டிபடாமல் இருக்க அதில் ஃபோமல்டிகைட்டு சேர்ப்பதுண்டு. தயாரிக்கும்போது உண்டாகும் பையூரெற்று என்ற பொருளும் பசளையில் ஏறத்தாழ ஒரு வீதம் வரை இருக்கும். அட்புளூவுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22241, கரைசலில் பையூரெற்று 0.3 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. மண் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். தலைமயிர் அளவு துளையுள்ள தூவியும் ஊக்கியும் பொறுக்காது.

கிணறு

ஊர்காவற்றுறையைப் பற்றி எழுதிக்கொண்டு தண்ணியைப் பேசாமல் விடேலாது. எங்கட ஊருக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, இப்போது கடற்படையின் விடுதி. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் சரணடைந்ததற்குக் குடிதண்ணி இல்லாமற் போனது ஒரு முக்கிய காரணம். சுற்றிவரக் கடல், குடிக்கத் தண்ணியில்லை. தீவகத்தின் நிலைமை அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். ஆறு கிடையாது. மழைத்தண்ணி சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கூட இறைத்தால் உவர் ஏறும். அதனால்தான் வேலணையில் சாட்டிக் கிணறுகள் இவ்வளவு பெயர்போனவை. அதனால்தான் பவுசர் வருகிற நாளில் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன.

அந்தத் தண்ணியைத்தான் மாமா ஊற்றினார். கல்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் கரைந்த தண்ணி. ஐஎஸ்ஓ தரத்தில் இவை ஒவ்வொன்றும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கட கிணற்றுத் தண்ணி அந்த வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டும். கேத்திலில் வெள்ளை படிகிற வீடென்றால் பரிசோதனைக் கூடமே தேவையில்லை. கொதிக்கவைத்து ஆறவிட்டாலும், துணியில் வடித்தாலும் இந்த உப்புகள் போகாது. பற்றரிக்கு விடுகிற தண்ணிதானே என்று ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தத் தரத்தில் வடித்தது என்று தெரியாத தண்ணிக்கும் இதே கதிதான்.

கிணறு அட்புளூவைக் கெடுத்த கதை இது. மற்றப் பக்கத்தையும் பார்க்கவேணும்: அட்புளூ கிணற்றைக் கெடுக்காதா?

இந்தக் கேள்வி எங்களுக்குச் சும்மா வரவில்லை, சுன்னாகம் கற்றுத்தந்தது. மின்நிலையப் பகுதியில் இருந்து கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2014, 2015இல் அது பெரிய மக்கள் போராட்டமாகியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் சுண்ணக்கல்லுக்குள் இறங்கினதைத் திரும்ப எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் ஏலாது.

அட்புளூ எண்ணெய் மாதிரி நச்சுச் சாமான் இல்லை. தீப்பிடிக்காது. கையில் பட்டால் கழுவினால் போதும். ஆனால் எண்ணெய்க்கு ஒரு 'நல்ல' குணம் உண்டு: மிதக்கும், மணக்கும், காட்டிக்கொடுக்கும். யூரியாக் கரைசல் தண்ணி நிறம், தண்ணியோட தண்ணியாகப் போய்விடும். நிலத்துக்குள் அது கடைசியில் நைத்திரேற்றாக மாறும். பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் ஏற்கெனவே கூடிக் கிடக்கிற அதே நைத்திரேற்று. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து என்பதால், உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 லீற்றர் கானில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ யூரியா. அதிலுள்ள நைதரசன் முழுக்க நைத்திரேற்றானால் 7 கிலோவுக்கு மேல். ஒன்றுமே கலக்காத தண்ணி 1,40,000 லீற்றரை அந்த 50 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுபோக அது காணும். உண்மையில் மண்ணும் பயிரும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் போடுகிற 50 கிலோப் பைக்கு முன்னால் ஒரு கான் பெரிய விசயமில்லை என்பதும் நியாயமான பேச்சு. ஆனால் தோட்டத்தில் போடுவது பரந்துபட்ட நிலத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்த 200 லீற்றர் பரல் ஒன்று வெடித்தால் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நாளில்.

கான்

தீவகத்துக்கு 1990இல் இராணுவம் வந்தபோது அம்மாவின் குடும்பம் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. கரண்ட் இல்லை, எண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு, மூடியில் துளைபோட்டுத் திரி விட்ட விளக்கில்தான் அம்மா ஓ.எல். படித்தா. மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அந்த எஞ்சின்கள் மன்னிக்கிற எஞ்சின்கள். எதை ஊற்றினாலும் இருமிக்கொண்டாவது ஓடும்.

2006 ஓகஸ்ற் 11 ஏ9 பாதை மூடப்பட்டபோது அந்தக் காலம் ஒருமுறை திரும்பி வந்தது. 2022இல் வேறொரு உருவத்தில் வந்தது: எரிபொருள் வரிசை, கியூ.ஆர். கோட், வீட்டு மூலையில் ஒளித்து வைத்த பெற்றோல் கான். அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே அடியாக 340 ரூபாவானபோது, மண்ணெண்ணெயில் வெளியிணைப்பு எஞ்சின் ஓட்டுகிற எங்கட கடற்தொழிலாளர் கரையில் இருந்தார்கள். ஆகவே கானைச் சேர்த்து வைக்கிறதும் காசை மிச்சம் பிடிக்கிறதும் மாமாவின் தனிப்பட்ட குணமில்லை. தீவகத்தின் பொதுக் குணம்.

அம்மம்மாவிடம் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டபோது இன்னொரு விசயம் பிடிபட்டது. மாற்றிப் பாவித்ததைத்தான் நாங்கள் எல்லாரும் கதையாகச் சொல்கிறோம். பத்திரப்படுத்தினதைச் சொல்வதில்லை. "மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு ஒரு துணி கட்டி வைப்பன். அந்தப் புனல் வேற ஒண்டுக்கும் தொடக் கூடாது. பிள்ளையள் தண்ணி எண்டு குடிச்சிடுங்கள் எண்டு உயரத்தில வைப்பன். வெயில் படாத மூலை." அம்மம்மா சொன்னதை எழுதிப் பார்த்தால் அது அப்படியே அட்புளூ வைப்பதற்கான விதிதான்.

வந்த கானிலேயே, மூடி இறுக்கி வைக்கவேணும். வேறு பாத்திரத்துக்கு மாற்றத்தான் வேணும் என்றால், இதற்கென்றே வைத்த தடித்த பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கு. செம்பு, பித்தளை, நாகம் பூசிய வாளி, சாதாரண இரும்பு ஆகாது. கரைசல் அவற்றை அரிக்கும், அரித்த உலோகம் ஊக்கிக்குள் போகும். மண்ணெண்ணெய்க் கானை எத்தனை தரம் கழுவினாலும் எண்ணெய்ப்படலம் மிஞ்சும். ஆகவே அதுவும் ஆகாது. புனல் தனி. கரையோரம் என்றபடியால் உப்புக்காற்றும் மணலும் விழாமல் மூடியை ஊற்றுகிற நேரம் மட்டும் திறக்கவேணும்.

வெயிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். தரப்படி 25 பாகைக்குள் வைத்தால் 18 மாதம் இருக்கும், 30 பாகையில் 12 மாதம், 35 பாகையில் 6 மாதம். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அதைவிடக் குறையும். சூட்டில் யூரியா உடைந்து அமோனியா மணம் வரும். கானைத் திறக்கேக்க மூக்கையும் கண்ணையும் எரித்தால், அடைத்த அறையில் வைத்து மோந்து பார்க்காமல் காற்றோட்டத்துக்கு வெளியே கொண்டுவாருங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணியால் கழுவி, எரிவு நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். சிந்தினால் முதலில் மணலோ மரத்தூளோ போட்டு ஒற்றி அள்ளுங்கள். காய்ந்தால் வெள்ளைப் படிகமாகும். கிணற்றுப் பக்கமோ வாய்க்காலுக்கோ கழுவி விடாதீர்கள். தேவைக்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம். வாங்கினாலும் கிணற்றில் இருந்து தள்ளி, சீமெந்துத் தரையில், நிழலில்.

தவறி டீசல் தாங்கிக்குள் அட்புளூவோ, அட்புளூத் தாங்கிக்குள் டீசலோ போனால் திறப்பைத் திருப்பவே கூடாது. எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் தாங்கியைக் காலிபண்ணிக் கழுவினால் செலவு சின்னது. 'ஓடிப் பாப்பம்' என்று ஒருதரம் ஸ்ராட் பண்ணினால் பம்பும் குழாயும் தூவியும் எல்லாம் போகும். மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரினுக்கு 'ஓடிப் பாப்பம்' சரி. இந்த எஞ்சினுக்குள் உணரிகள் இருக்கின்றன. கரைசலில் பிழை கண்டால் எஞ்சினின் இழுவையை அதுவே குறைத்துவிடும். அன்றைக்கு வேலணையில் நடந்தது அதுதான்.

தடைக்காலம் எங்களுக்கு இரண்டு அறிவைத் தந்தது, மாற்றிப் பாவிக்கிறதும் பத்திரமாக வைக்கிறதும். முதலாவதைப் பெருமையாகக் கதைக்கிறோம், நாடகம் போடுகிறோம், கட்டுரை எழுதுகிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் பெண்கள்தான் குசினியில் செய்தார்கள். அதனாலோ என்னவோ ஒருவரும் அதை வரலாறு என்று எழுதவில்லை. நானும் அம்மம்மாவிடம் இந்த லொறிக் கதைக்கு முதல் அதைக் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எதை எந்தப் போத்தலில் வைத்தனீங்கள், எந்த மூலையில் வைத்தனீங்கள், ஏன் அங்கே வைத்தனீங்கள் என்று கேட்டு எழுதி வையுங்கோ.

மாமா இப்போது முத்திரை போட்ட கானைத்தான் வாங்குகிறார். விலையைப் பற்றி இன்னமும் புறுபுறுக்கிறார். போனமுறை போனபோது, கான் அம்மம்மா வீட்டுக் கோடிப்புறத்து அறையில், நெல்லுச் சாக்குக்கு எதிர்ப்பக்க மூலையில், ஒரு பலகைக்கு மேல் இருந்தது. கிணறு முற்றத்தின் மற்ற அந்தத்தில். கானில் வாங்கின திகதி கறுப்பு மையில் எழுதிக் கிடந்தது. கையெழுத்து அம்மம்மாவினது.